விரல்களால் சேகரிக்கும் நாணயங்கள்

பார்வை குறைந்துகொண்டே வரும் உங்கள் அக்கா மகனுக்கு 14 வயதில் நாணயச் சேகரிப்பின் மீது ஆசை வந்திருக்கிறது என்றும், அதை ஊக்குவித்தால் பின்னாளில் அவனுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஊக்குவியுங்கள். எனக்கு 22 வயதில் பார்வை முழுவதும் போயிற்று. நான் நாணயம் சேர்க்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

தாத்தா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்திருந்த பழைய சில்லறையை ஒரு மதியம் கையால் அளைந்துகொண்டிருந்தபோது, நடுவில் பெரிய துளையுள்ள ஒரு வட்டம் விரலில் மாட்டியது. 1943 முதல் 1947 வரை அச்சிடப்பட்ட ஓட்டைக் காலணா அது என்று பாட்டி சொன்னார். அதே டப்பாவில் 12 வளைவுகள் கொண்ட ஓரணாவும், மூலை மழுங்கிய சதுர இரண்டணாவும் இருந்தன. 1957 ஏப்ரலில் தசம முறை வந்த பிறகும் இந்த வடிவ வேறுபாடு தொடர்ந்தது: ஐந்து பைசா சதுரம், இரண்டும் பத்தும் நெளி விளிம்பு, 1964இல் வந்த மூன்று பைசா அறுகோணம். பின்னர் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கங்கள். எந்த எழுத்தையும் வாசிக்காமல், விளிம்பைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டினாலே இந்திய நாணயங்களில் பெரும்பகுதியை அடையாளம் காணலாம் என்பது எனக்கு அன்று புரிந்தது.

வடிவம் மட்டுமன்று. அலுமினிய நாணயம் உள்ளங்கையில் இருப்பதே தெரியாது. பழைய செப்பு நாணயத்தின் வாசனை விரலில் தங்கும். வெள்ளி ரூபாயை விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டினால் எழும் ஓசை நீண்டு ஒலிக்கும். நிக்கல் ரூபாயும் எஃகு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும். செம்பும் நிக்கலும் கலந்த நாணயம் ஒட்டாது. வார்ப்பில் செய்த போலிகளின் விளிம்பில் சில சமயம் மெல்லிய இணைப்புக் கோடு இருக்கும். பார்வையுள்ள நண்பர்கள் கவனிக்காமல் விட்ட அந்தக் கோட்டை என் நகம் இருமுறை கண்டுபிடித்திருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதியே நமக்கு எதிரானது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாணயத்தின் முகத்தைத் தொடாதீர்கள், விளிம்பை மட்டும் பிடியுங்கள் என்பார்கள். வியர்வை உலோகத்தில் கறை ஏற்படுத்தும் என்பதால் அது நியாயமான விதிதான். ஒரு கண்காட்சியில் நான் நாணயத்தைத் தடவிப் பார்த்ததற்காக விற்பனையாளர் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்; வீடு திரும்பும்வரை எனக்கு அந்த வருத்தம் ஆறவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். புழங்கித் தேய்ந்த நாணயங்களையே சேர்ப்பது, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தாராளமாகத் தொடுவது, பிளாஸ்டிக் உறையில் நிரந்தரமாக அடைத்து விற்கப்படும் விலை உயர்ந்த நாணயங்களை வாங்குவதே இல்லை என்பது. தொட முடியாத நாணயம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டுதான்.

சில்லறையோடு நாங்கள் பட்ட பாடும் சேகரிப்பின் ஒரு பகுதியே. 2011இல் வந்த புதிய இரண்டு ரூபாய், 1992 முதல் புழக்கத்திலிருந்த எஃகு ஒரு ரூபாயைப் போலவே 25 மில்லிமீட்டர் அகலமும் 4.85 கிராம் எடையும் கொண்டிருந்தது. புதிய ஒரு ரூபாயோ பழைய ஐம்பது பைசாவின் அளவிலும் எடையிலும் இருந்தது. பேருந்தில் நடத்துநர் காத்திருக்க, நகத்தால் எண்ணைத் தேடிய நாட்களை நான் மறக்கவில்லை. ஆகவே 2019 மார்ச்சில் பார்வையற்றோரை மனத்தில் கொண்டு வெளியிடப்பட்ட வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாய்கள் முறையே 20, 23, 25, 27 மில்லிமீட்டர் என வளர்கின்றன. இருபது ரூபாயும் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் அதற்கு 12 பக்கங்கள்.

பார்வையற்றோர் விரலால் வாசிக்கும் புள்ளி எழுத்தான ப்ரெயில் பொறித்த நாணயங்களையும் பலர் பரிந்துரைப்பார்கள். என்னிடம் உள்ள, 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்காக வந்த கால் டாலரில், பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லரின் பெயர் ப்ரெயிலில் இருக்கிறது. ஆனால் விரலால் வாசிக்க இயலாத அளவுக்குப் புள்ளிகள் சிறியவை. இந்த எழுத்தை உருவாக்கிய லூயி ப்ரெயில் பிறந்த 200ஆவது ஆண்டு நிறைவான 2009இல் வந்த அமெரிக்க வெள்ளி டாலரில்தான் வாசிக்கத்தக்க அளவில் எழுத்துகள் அமைந்தன.

ஆண்டும், நாணயம் எந்த ஊரில் அச்சிடப்பட்டது என்பதைக் காட்டும் அச்சகக் குறியும் மட்டும் விரலுக்கு எட்டுவதில்லை. மும்பையின் வைரம், ஹைதராபாத்தின் நட்சத்திரம், நொய்டாவின் புள்ளி ஆகியவை மிகச் சிறியவை. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. எழுத்தும் பின்புலமும் ஒரே நிறமாக இருப்பதால் கைபேசிச் செயலிகளும் தடுமாறுகின்றன. அந்த இடத்தில் உங்கள் கண்கள் அவனுக்கு வேண்டும். நீங்கள் ஒருமுறை வாசித்துச் சொன்னால், அவன் அதைத் தடித்த தாளில் ப்ரெயிலில் எழுதி நாணயத்தோடு சிறு காகித உறையில் வைத்துக்கொள்வான். பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் வேண்டாம். நாளடைவில் அவை நாணயத்தின்மேல் பச்சையாகப் பிசுபிசுப்பை ஏற்படுத்தும்.

முதலில் ஒரு மூன்று பைசாவையும் ஓர் இருபது பைசாவையும் வாங்கிக் கொடுங்கள். இரண்டும் அலுமினிய அறுகோணங்கள். பழைய நாணயக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எது எது என்று சொல்லாமல் அவன் கையில் வையுங்கள்.