ஒதுங்கி நின்றவருக்கு ஒரு ஜன்னல்

கேள்வி: ஏப்ரலில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். எட்டு வயது மகனுக்கு ரயில் என்றால் உயிர். அதனால் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் ஜன்னலிலிருந்தே புல்லட் ரயில் தெரியும் ஓட்டல்களாகத் தேடுகிறேன். அந்த அறைகளுக்கு வாடகை அதிகம். எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் ரயில் பக்கம் ஓர் அறை, உடன் வரும் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாதாரண அறை என்று நினைத்திருக்கிறேன். அப்பா ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர்; அவர் பார்க்காத ரயிலா? கண்புரை வேறு இருக்கிறது. திரும்பி வந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். இப்படிக் கூடுதல் பணம் கொடுத்து அறை எடுப்பது வீண் செலவா? எந்த ஓட்டலைத் தேர்ந்தெடுக்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: தம்பி, ஓட்டல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். 'அவர் பார்க்காத ரயிலா?' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கீமேன் என்றால் என்ன வேலை என்று அப்பாவிடம் ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டதுண்டா? கையில் ஸ்பானரும் சுத்தியலும், கக்கத்தில் சிவப்பு, பச்சைக் கொடிகளுமாகத் தன் பகுதித் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்க்க வேண்டும். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் 'சாவி' என்ற இரும்புத் துண்டு கழன்றிருந்தால் அடித்து இறுக்க வேண்டும், தளர்ந்த போல்ட்டை முடுக்க வேண்டும். ரயில் வந்தால் பாதையை விட்டு இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். நிற்கும்போதும் அவர் கண் சக்கரத்தின் மீதும் தண்டவாளத்தின் மீதும்தான் இருந்திருக்கும். நாற்காலியில் சாய்ந்து, கையில் காபியோடு, 'அழகாகப் போகிறது' என்று ஒரு ரயிலையாவது அவர் பார்த்திருப்பாரா? அந்தச் சம்பளத்தில் படித்து, இன்று ஜப்பானுக்கு டிக்கெட் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள். அங்கேயும் அவரை ஒதுங்கித்தான் நிற்கச் சொல்கிறீர்கள்.

பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. 'அவர்களுக்கு இது போதும்' என்ற வரி ஏதோ ஒரு மூலையில் இருக்கும். எது போதும் என்று அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டிப் போவதே பெரிய காரியம் என்ற நினைப்பு. அது எனக்குப் பிடிப்பதில்லை.

அந்த ஜன்னலிலிருந்து தெரிவதில் பாதி உங்களுக்கோ எனக்கோ புரியாது, அவருக்குப் புரியும். ஷிங்கன்சென் என்ற அந்தப் புல்லட் ரயில்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை ஓடுவதில்லை. அந்த ஆறு மணி நேரம் தண்டவாளக்காரர்களுடையது. பழுது பார்ப்பது, மாற்றுவது, இறுக்குவது எல்லாம் அப்போதுதான். வேலை முடிந்ததும், எதுவும் பாதையில் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் முதல் பயணிகள் ரயில். 1964 அக்டோபர் 1 அன்று திறந்த டோக்கியோ - ஷின் ஒசாகா பாதை, உங்கள் அப்பாவுக்குப் பழக்கமான ஜல்லி கொட்டிய பாதைதான். இத்தனை ஆண்டுகளில் ஷிங்கன்சென் ரயில் மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. இதைக் கேட்டால் உங்கள் மகன் கைதட்டுவான். உங்கள் அப்பா, 'ராத்திரி எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?' என்று கேட்பார்.

ஆகவே, ஜன்னல் அறை தாத்தாவுக்கும் பேரனுக்கும். எதிர்ப்பக்க அறை உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும். அதே மாடியில் கேட்டு வாங்குங்கள். இரண்டு தனிக் கட்டில்கள் உள்ள டுவின் அறையாக இருக்கட்டும். 'செமி டபுள்' என்று கண்டால் விட்டுவிடுங்கள். மிகவும் குறுகலான கட்டில் அது.

டோக்கியோவில் ரயில் நிலையத்தை ஒட்டிய ஓட்டல் மெட்ரோபாலிட்டன் டோக்கியோ மருனோச்சியைப் பாருங்கள். வரவேற்பறையே 27ஆவது மாடியில். அறைகள் அதற்கும் மேலே. நிலையத்தின் பாதைகள் முழுக்கக் கீழே விரிந்திருக்கும். பச்சை நிற ஹயபுசா ரயிலும் சிவப்பு நிற கொமச்சி ரயிலும் மூக்கோடு மூக்கு இணைந்து புறப்படுவதைப் பேரன் பார்க்கட்டும். இரண்டும் வடக்கே மொரியோக்கா நிலையத்தில்தான் பிரியும். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து ரயில் பொம்மை போலத்தான் தெரியும். அப்பாவுக்குப் பாதையும் சக்கரமும் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் தாழ்வான அறை நல்லது. கியோட்டோவில் ரயில் நிலையக் கட்டடத்திலேயே ஓட்டல் கிரான்வியா இருக்கிறது. ஷிங்கன்சென் நடைமேடைகள் நிலையத்தின் தென்புறம். அந்தப் பக்கம் பார்த்த அறையா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டல் பெயரில் 'ஸ்டேஷன்' இருப்பதாலோ, உயர்மாடி என்று போட்டிருப்பதாலோ ரயில் தெரிந்துவிடாது. ஜப்பானியர்களே 'டிரெயின் வியூ' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அறை வகையின் பெயரிலேயே அது இருந்தால் நம்பலாம். அறை பதிவு செய்யும்போது குறிப்புக் கட்டத்தில் நீங்கள் எழுதுவது வெறும் வேண்டுகோள். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

செலவைப் பொறுத்தவரை, எல்லா இரவுகளுக்கும் இந்த அறை வேண்டாம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு நள்ளிரவில் திரும்புகிற நாளில் எடுத்தால், அதுதான் நீங்கள் கேட்ட வீண் செலவு. டோக்கியோவில் ஓர் இரவு, கியோட்டோவில் ஓர் இரவு போதும். அந்த இரண்டு நாளும் பிற்பகல் 3 மணிக்கே அறைக்கு வந்துவிடுங்கள். மறுநாள் காலை அறையைக் காலி செய்யும்வரை எங்கும் கிளம்பாதீர்கள்.

கடைசியாக அந்தக் கண்புரை. திரும்பி வந்து ஆபரேஷன் என்று எப்படித் தம்பி எழுத மனம் வந்தது? இவ்வளவு தூரம் அழைத்துப்போய், எல்லாவற்றையும் மங்கலாகக் காட்டிக் கூட்டி வரப் போகிறீர்களா? ஏப்ரலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. ஓட்டல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, இந்த வாரமே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பயணத் தேதியை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சரி என்ற பிறகு அறையைப் பதிவு செய்யலாம்.