வாசகர் கேள்விகள்: புத்தக அலமாரி

கேள்வி: இளவரசன் குதிரையில் வந்து காப்பாற்றுகிற கதை எல்லாம் "போர் அடிக்கிறது" என்கிறாள் என் பத்து வயது மகள். மாயாஜாலம் மட்டும் வேண்டுமாம். என்ன வாங்கித் தரலாம்?

பதில்: பாட்ரிசியா ரீடி 1990-இல் எழுதிய 'டீலிங் வித் டிராகன்ஸ்' வாங்கிக் கொடுங்கள். சிமரீன் என்ற இளவரசிக்குப் பூவேலையும் பிடிக்காது, நடனமும் பிடிக்காது. வாள்வீச்சு, லத்தீன், சமையல் என்று ஒவ்வொன்றாகத் திருட்டுத்தனமாகக் கற்கிறாள். பெற்றோர் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். கல்யாணப் பேச்சு வந்ததும் ஓடிப்போய் ஒரு டிராகனிடம் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள். சமைக்கிறாள், நூலகத்தை ஒழுங்குபடுத்துகிறாள். பெரிய தொந்தரவே அவளைக் 'காப்பாற்ற' வரிசையாக வந்து நிற்கும் வீரர்கள்தான். எவ்வளவு சொன்னாலும் போகமாட்டேன் என்கிறார்கள்!

கேள்வி: இப்போது எல்லா இளவரசியும் வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாளே. அதுவும் ஒரு வார்ப்புதானே?

பதில்: வார்ப்பேதான். கையில் வாளைக் கொடுத்துவிட்டுக் கதையின் சட்டதிட்டத்தைத் தொடாமல் விட்டால் பழைய கள் புது மொந்தையில். எனக்குப் பிடித்த மாற்றுவழி டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காசில்'. அந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும்: மூன்று பிள்ளைகளில் மூத்தது அதிர்ஷ்டம் தேடிப் போனால் முதலில் தோற்கும், படுமோசமாகத் தோற்கும். தேவதைக் கதைகளில் அப்படித்தானே நடக்கிறது? சோஃபி மூத்தவள். கதையை நம்பித் தொப்பிக் கடையிலேயே முடங்கிவிடுகிறாள். சூனியக்காரியின் சாபத்தால் கிழவியான பிறகுதான் அவளுக்கு வாய்த்துடுக்கு வருகிறது; அழைக்காமலே மந்திரவாதியின் கோட்டைக்குள் நுழைந்து, நெருப்புப் பூதத்தோடு பேரம் பேசுகிறாள். சித்தியும் உண்டு, கொடுமைக்காரி இல்லை. ஹயாவோ மியாசாகியின் 2004 படத்தைப் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள். அழகான படம்தான், ஆனால் அதில் சோஃபிக்கு ஒரே தங்கை. மூன்று என்ற கணக்கே போயிற்று.

கேள்வி: பழைய கதைகளைக் காட்டாமல் நேரே இவற்றைக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. சிண்டரெல்லா தெரியாத பிள்ளைக்கு கெயில் கார்சன் லெவினின் 'எல்லா என்சாண்டட்' (1997) பாதிதான் சிரிப்பூட்டும். சொன்ன வேலையையெல்லாம் சிண்டரெல்லா ஏன் செய்தாள்? பிறந்தபோதே ஒரு தேவதை 'கீழ்ப்படிதல்' என்ற வரத்தைக் கொடுத்துத் தொலைத்துவிட்டது என்கிறது நாவல். பாத்திரத்தைப் பிடி என்றால், நாவலின் சிண்டரெல்லாவான எல்லா என்ற பெண் பிடித்தே ஆகவேண்டும். பிடித்துக்கொண்டு சமையலறை முழுக்கச் சுற்றுவாள்.

பழைய கதைகளும் கல்வெட்டு இல்லை. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் பழி சித்தி தலையில் விழுந்தது.

கேள்வி: பையன்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

பதில்: சிமரீன் கதையில் எலுமிச்சைச் சாறு கலந்த சோப்புத் தண்ணீரை ஊற்றினால் மந்திரவாதிகள் உருகிப்போகிறார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிய பையனை நான் பார்த்ததில்லை. "பொம்பளைப் பிள்ளை புத்தகம்" என்று தயங்குவது அட்டையை மட்டும் பார்க்கிற அப்பாக்கள்தான். பழுப்புத் தாளில் உறை போட்டுக் கொடுங்கள்.