பிரமிடுக்கு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரமிடுக்கு முன் எகிப்தில் பெரிய கல் கட்டடமே கிடையாது, அது திடீரென்று வந்தது, ஆகவே வெளியிலிருந்து யாரோ வந்து கட்டியிருக்க வேண்டும் என்கிறது ஒரு யூடியூப் காணொளி. சமாதி கட்டும் கலை அப்படி ஒரே நாளில் வருமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கல்லைப் பற்றி அந்தக் காணொளி சொல்வது ஏறக்குறைய சரி. சமாதியைப் பற்றித்தான் தவறு.

கி.மு. 4000 வாக்கில் எகிப்தியர் பாலைமணலில் ஆழமில்லாத குழி தோண்டி, கால்களை மடக்கி உடலைக் கிடத்தி, பக்கத்தில் பானைகள் வைத்தார்கள். முதல் வம்சக் காலத்துக்குள் பெரிய மனிதர்களின் குழி பச்சைச் செங்கல் அறையாகி, மேலே நீள்சதுர மேடையும் எழுந்துவிட்டது. அதுதான் மஸ்தபா. கெய்ரோவுக்குத் தெற்கேயுள்ள சக்காரா என்ற பழைய இடுகாட்டில் 3038 என்று எண்ணிட்ட மஸ்தபாவுக்குள் படிப்படியாக ஏறும் ஒரு செங்கல் மேடு மறைந்திருந்தது. எகிப்தின் முதல் பிரமிடான படிப் பிரமிடுக்குப் பல தலைமுறை முந்தையது அது.

மன்னர்களின் கதை வேறு. தெற்கு எகிப்தின் அபிதோசில் அவர்களுடைய கல்லறை தள்ளிப் பாலைவனத்தில் இருந்தது. சடங்குக்கான மதில் வளாகம் ஊரோரமாகத் தனியே இருந்தது. மன்னர் காசெகெம்வி அங்கே கட்டிய செங்கல் மதில் இன்றும் நிற்கிறது. கி.மு. 2650 வாக்கில் மன்னர் ஜோசர் சக்காராவில் இரண்டையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார். உயரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இணைப்புதான்.

அவருடைய படிப் பிரமிடும் ஒரே மூச்சில் எழுந்ததல்ல. முதலில் கல்லால் ஒரு மஸ்தபா. அதைப் பக்கவாட்டில் பெருக்கினார்கள். பிறகு, வீட்டுக்கு மாடி எடுப்பதுபோல, நான்கு படி, அப்புறம் ஆறு. உறைக்கற்கள் பெயர்ந்த இடத்தில் பழைய மேடையின் சுவர் இப்போதும் தெரிகிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் பிலிப் லாவேர் 1926 முதல் பல பத்தாண்டுகள் அங்கே உழைத்து இந்தக் கட்டங்களை விளக்கினார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அடுக்கிய கற்கள் சின்னவை, செங்கல்லை அடுக்கிப் பழகிய கை வைத்தவை. வாசல் மண்டபத் தூண்கள் நாணல் கட்டுகளைப்போலச் செதுக்கப்பட்டவை. கூரைக் கற்கள் மரத்தடிகளைப்போல. மதிலில் வாசல்கள் பதினைந்து, ஆனால் உள்ளே போக ஒன்றுதான் வழி. மற்ற பதினான்கும் கல்லில் செய்த பொய் வாசல்கள். கல்வேலையில் தேர்ந்த வெளியார் வந்திருந்தால் நாணலையும் மரத்தையும் ஏன் கல்லில் நகலெடுக்கப் போகிறார்கள்?

சறுக்கல்களும் உண்டு. பின்வந்த மன்னர் ஸ்னெஃப்ரு, சக்காராவுக்குத் தெற்கே தாஷூரில், ஒரு பிரமிடைச் சுமார் 54 பாகைச் சரிவில் ஏற்றிக்கொண்டே போய், நடுவில் 43 பாகைக்குத் தாழ்த்தினார். பிரமிடு வளைந்துவிட்டது! கீசாவில் 146 மீட்டர் உயரத்துக்குப் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு அவர் மகன்.

சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் கீசாவில் தொடங்கி கீசாவிலேயே முடித்துக்கொள்கிறார்கள். போக வாய்த்தால் நீங்கள் சக்காராவிலிருந்து தொடங்குங்கள்.