உள்ளங்கால் எரிச்சலுக்குச் சத்து மாத்திரை போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பல வருடங்களாகத் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். அப்புறம் சோறு இறங்குவதில்லை. காலையில் குமட்டல், பேதி. சில மாதங்களாக உள்ளங்கால் எரிகிறது என்கிறார். சத்து மாத்திரை கொடுத்தால் சரியாகுமா?

பதில்: மாத்திரை தேவைதான் அம்மா. ஆனால் கடையில் கேட்டு வாங்குவது மட்டும் போதாது.

180 மி.லி. பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி வீதம் 400 கலோரிக்கு மேல் உடம்பில் சேர்கிறது. அதில் புரதமோ வைட்டமினோ கிடையாது. இரைப்பையின் உட்சவ்வு அழன்றுபோவதால் குமட்டுகிறது. சிறுகுடல் நீரையும் உப்பையும் சரியாக உறிஞ்சாததால் பேதியாகிறது. அதே குடல்சுவர்தான் தையமின் என்கிற பி1, ஃபோலிக் அமிலம் இரண்டையும் உள்ளே இழுக்க வேண்டும். குடி அதையும் தடுக்கிறது. உடம்பில் பி1 இருப்பே 30 மில்லிகிராம் அளவுதான்; வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மெக்னீசியமும் சிறுநீரில் வெளியேறுகிறது. அது குறைந்தால், கொடுக்கிற பி1 சரியாக வேலை செய்யாது.

குடல் சரியாக உறிஞ்சாததால் முதலில் பி1 ஊசியாகப் போட வேண்டியிருக்கலாம். கால் எரிச்சல் பி1 குறைவால் மட்டுமல்ல, சர்க்கரை நோயாலும் பி12 குறைவாலும் வரும். ரத்தச் சர்க்கரை, பி12, மெக்னீசியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். ரத்தம் பார்க்காமல் இரும்புச்சத்து டானிக் வேண்டாம். குடிப்பவர்களின் கல்லீரலில் இரும்பு ஏற்கெனவே கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கணையத்தையும் பார்க்க வேண்டும்.

குடிக்காத நேரத்திலும் தள்ளாடினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், பேச்சு குழம்பினால், 'போதை தெளியவில்லை' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். பி1 குறைவு மூளையைத் தாக்கும் அவசரநிலை அது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது பி1 ஊசியும் சேர்த்துப் போட வேண்டும் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். புழுங்கல் அரிசிக் கஞ்சி, பாசிப்பயறு, முட்டை நல்லது. பச்சரிசியைவிடப் புழுங்கலில் பி1 அதிகம். பேதி நிற்கும்வரை பாலுக்குப் பதில் மோர்.

குடியை நிறுத்தாமல் இதில் எதுவும் நிலைக்காது. ஆனால் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, அவர்கள் தரும் மருந்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.