ரத்தம் கூட்டும் ஊசி போடலாமா?

கேள்வி: மகன் 5,000 மீட்டர் ஓடுகிறான். ‘இ.பி.ஓ. ஊசி போட்டால் மூச்சு வாங்காது’ என்று கூட ஓடும் பையன் சொல்கிறானாம். போடலாமா டாக்டர்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: வேண்டவே வேண்டாம்மா. இ.பி.ஓ. என்பது சிவப்பணுவைக் கூட்டுகிற ஹார்மோன் ஊசி. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு, ஹீமோகுளோபினை அடிக்கடி பார்த்து அளவு மாற்றிக் கொடுக்கிற மருந்து. ஆண்களின் ரத்தத்தில் சிவப்பணு பங்கு சுமார் 40 முதல் 50 சதவீதம். ஊசி அதைத் தாண்ட வைத்தால் ரத்தம் கெட்டியாகும், பிரஷர் ஏறும். நம்மூர்ப் புழுக்கத்தில் ஓடி வியர்த்தால் இன்னும் கெட்டி. கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ மூளையிலோ ரத்தம் உறைந்து அடைக்கலாம். ஊசியை நிறுத்தினாலும் உடனே சரியாகாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து யார் பையில் கிடந்ததோ, அது வேறு!

ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108.

சும்மாவே மூச்சு வாங்கினால் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுவது) பாருங்கள். குறைந்தால் டாக்டர் சொல்கிற இரும்பு மாத்திரை. அதோடு டீ வேண்டாம். விளையாட்டில் இரும்பு மாத்திரைக்குத் தடையில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் இ.பி.ஓ. சிக்கினால் வழக்கமாக 4 ஆண்டு தடை.