ஆங்கிலம் கேட்கலாம்: ‘மைசெல்ஃப்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: நேர்முகப் பரீட்சையில் “மைசெல்ஃப் குமார், ஃப்ரம் களுவாஞ்சிகுடி” என்று தொடங்கினேன். அது பிழை என்றார்கள். ஏன்?
(பட்டதாரி, களுவாஞ்சிகுடி)

பதில்: பிழைதான். ‘மைசெல்ஃப்’ எழுவாயாக நிற்காது. எழுவாய்க்கு ‘ஐ’ வேண்டும், அதற்கு ஒரு வினைச்சொல்லும் வேண்டும். நீங்கள் சொன்னதில் இரண்டும் இல்லை. “ஐ ஆம் குமார். ஐ ஆம் ஃப்ரம் களுவாஞ்சிகுடி” என்றால் போதும்; “மை நேம் இஸ் குமார்” என்பதும் சரி.

“லெட் மீ இன்ட்ரடியூஸ் மைசெல்ஃப்” என்று பலர் பாடமாக்கி வைத்திருப்பார்கள். அது குறையில்லாத வாக்கியம். அறிமுகம் செய்பவரும் நான், அறிமுகமாகிறவரும் நான். ‘மீ’ முன்னால் வந்துவிட்டதால் ‘மைசெல்ஃப்’ பின்னால் வரலாம். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்து முதலில் வைப்பதால்தான் பிழை வருகிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘செல்ஃப்’ என்று முடியும் எந்தச் சொல்லுக்கும் உரிய ஆள் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும். “ஷீ கட் ஹெர்செல்ஃப்” என்றால் மீன் வெட்டும்போது தன் கையையே வெட்டிக்கொண்டாள். “ஷீ கட் ஹெர்” என்றால் வெட்டுப்பட்டது வேறொருத்தி. ஒரு சொல் மாறினால் ஆளே மாறிவிடும். இது இலக்கணப் புத்தகத்தோடு நிற்கிற விஷயமல்ல, பொலிஸில் முறைப்பாடு எழுதும்போதும் இதே வித்தியாசம்தான்.

அலுவலகக் கடிதங்களில் “ப்ளீஸ் இன்ஃபோம் மைசெல்ஃப்” என்று எழுதுவதும் பிழை. கட்டளை வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாவிட்டாலும் அது ‘யூ’தான். அறிவிப்பவர் நீங்கள், அறிபவர் நான். ஆகவே “ப்ளீஸ் இன்ஃபோம் மீ”. விருந்தாளியிடம் “ஹெல்ப் யுவர்செல்ஃப்” என்று சொல்வது சரியாவதும் அந்த மறைந்த ‘யூ’வால்தான். ‘மீ’ என்பது மரியாதைக் குறைவு, ‘மைசெல்ஃப்’ பணிவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அப்படி எதுவும் இல்லை.

கேள்வி: “த பிரின்சிபல் கால்ட் ஃபாத்திமா அன்ட் ஐ” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பிழையென்று திருத்தினேன். ‘அன்ட் ஐ’தான் முறை என்று அவளுடைய தந்தை சொல்கிறார். எது சரி?
(ஆசிரியை, சம்மாந்துறை)

பதில்: நீங்கள் திருத்தியது சரி. ஃபாத்திமாவை எடுத்துவிட்டு வாசித்துக் காட்டுங்கள்: “த பிரின்சிபல் கால்ட் ஐ”. அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். ‘கால்ட் மீ’ என்பதால் ‘ஃபாத்திமா அன்ட் மீ’. “ஃபாத்திமா அன்ட் ஐ வென்ட் டு த லைப்ரரி” என்றால் இருவரும் எழுவாய், அங்கே ‘ஐ’ சரி. மற்றவர் பெயரை முன்னால் சொல்வது நாகரிகம், அவ்வளவுதான்; ‘ஐ’யா ‘மீ’யா என்பதை அது தீர்மானிக்காது.

ஆளை எடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனை ‘பிட்வீன்’ என்ற சொல்லில் உதவாது, அதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கே இருவரையும் சேர்த்து ‘வீ’யா ‘அஸ்’ஸா வரும் என்று பாருங்கள். ‘பிட்வீன் அஸ்’ என்கிறோம். ஆகவே ‘பிட்வீன் யூ அன்ட் மீ’. எதைப் போடுவது என்று தெரியாமல் ‘ஃபாத்திமா அன்ட் மைசெல்ஃப்’ என்று எழுதித் தப்பிக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள்.

கேள்வி: ‘நானே செய்தேன்’ என்பதற்கு “ஐ மைசெல்ஃப் டிட் இட்” என்று எழுதலாமா? ‘பை மைசெல்ஃப்’ வேறா?
(உயர்தர மாணவன், அக்கரைப்பற்று)

பதில்: எழுதலாம். இது தமிழின் ஏகாரம் செய்கிற வேலை. ‘அரசாங்க அதிபரே வந்தார்’ என்பதை “த ஜி.ஏ. ஹிம்செல்ஃப் கேம்” என்போம். அதிபர் பெண்ணாக இருந்தால் ‘ஹெர்செல்ஃப்’. நம்முடைய ‘அவர்’ இருபாலுக்கும் பொது என்பதால் இந்த இடத்தில் கவனம் வேண்டும். அழுத்தத்துக்காக வரும் ‘செல்ஃப்’பை எடுத்துவிட்டாலும் வாக்கியம் முழுதாகவே நிற்கும். “ஷீ கட் ஹெர்செல்ஃப்” போன்றதில் எடுத்தால் வெட்டியது எதை என்ற கேள்வி மிஞ்சும். ‘பை மைசெல்ஃப்’ என்றால் தனியாக, பிறர் துணையின்றி. “ஐ ட்ராவல்ட் டு கொழும்பு பை மைசெல்ஃப்” என்பது தனியே போனதைச் சொல்லும்.

கேள்வி: “வீ என்ஜாய்ட் அட் பாசிக்குடா” சரியா?
(வாசகி, செங்கலடி)

பதில்: ‘என்ஜாய்’ செயப்படுபொருள் கேட்கும் வினை. “வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ் அட் பாசிக்குடா” என்றோ “வீ என்ஜாய்ட் த ட்ரிப்” என்றோ எழுதுங்கள். ‘ரிலாக்ஸ்’, ‘கான்சன்ட்ரேட்’ போன்றவற்றுக்கு மாறாக எதுவும் வேண்டாம். “ஐ ரிலாக்ஸ்ட் மைசெல்ஃப்” என்று எழுதாதீர்கள்.

கேள்வி: மேலதிகாரி ஒருவருக்கு எழுதும்போது மரியாதைக்காக ‘யுவர்செல்வ்ஸ்’ போடலாமா?
(எழுதுவினைஞர், கல்முனை)

பதில்: கூடாது. தமிழில் ஒருவரையே ‘நீங்கள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘யுவர்செல்வ்ஸ்’ என்றால் எதிரே குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் எத்தனை பெரியவரானாலும் ‘யுவர்செல்ஃப்’தான். எழுத்துக்கூட்டலையும் பாருங்கள்: பன்மையில் கடைசி எஃப் போய் வி, இ, எஸ் வரும்.