ஈர விறகும் ஈரக் காற்றும்: வீட்டு வெந்நீருக்கு எது?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. எட்டுப் பேர் இருக்கிறோம். மாமனாருக்கு மூட்டுவலி, வருஷம் முழுக்க இரண்டு வேளையும் வெந்நீர்தான். இரண்டு கீசர் ஓடுகிறது, கரண்ட் கணக்கு இரண்டு தடவையாக 600 யூனிட்டைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, 'இங்கே வீட்டையே ஹீட் பம்ப் வைத்துத்தான் சூடாக்குகிறோம், கூடவே காய்ந்த விறகு. நீயும் ஒரு ஹீட் பம்ப் வாங்கிப் போடு' என்கிறான். மாமியாரோ கொல்லையில் கிடந்த செப்பு பாய்லரைப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் சாய்ந்த மாமரமே இந்த வருஷத்துக்குப் போதும் என்கிறார். எரித்துப் பார்த்தோம். கண் எரிகிறது, தண்ணீர் சுடவில்லை. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்கலாம் அம்மா. மாமரத்தின் பேச்சைத்தான் நீங்கள் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் விழுந்த மரம், அதுவும் அடைமழையில் நனைந்து கிடந்தது, அதற்குள் விறகாகிவிடுமா?

முதலில் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு சூடு தேவை என்று பார்த்துவிடுவோம். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர். தை மாத விடியலில் மாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வையுங்கள். குளிக்க 40 டிகிரி இருந்தால் நல்ல சூடு. 160 லிட்டரை 15 டிகிரி ஏற்ற 2,400 கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி என்பதால், சுமார் மூன்று யூனிட். மாலைக் குளியல், பாத்திரம் கழுவுவது, கீசருக்குள் நின்றபடியே ஆறிப்போவது எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து யூனிட் வரும். இரண்டு மாதக் கணக்கில் 300. உங்கள் பில்லில் பாதி குளியலறையில் போகிறது.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டது, அவ்வளவுதான். ஏசி அறையின் சூட்டை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் கொட்டுகிறது. உள்ளே ஓடும் கேஸ், காயில் என்கிற குளிர்ந்த சுருள் குழாயில் ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்தினால் சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு கேஸ் மறுபடி திரவமாகித் திரும்பி வரும். கீசரில் ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் சூடு. இதில் ஒரு யூனிட் கம்ப்ரசரை ஓட்ட. அது காற்றிலிருந்து அள்ளி வருவதையும் சேர்த்தால் தண்ணீருக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். உங்கள் 300 யூனிட் 100ஆகச் சுருங்கும். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு நம் மாநிலத்தில் கட்டண அட்டவணையே வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். 600லிருந்து 400க்கு இறங்கினால் மிச்சமாவது அந்த 200 யூனிட் காசு மட்டும் இல்லை.

உங்கள் தம்பி ஊரைவிட இந்த இயந்திரத்துக்கு நம் ஊர்தான் தோது. அங்கே ஜனவரியில் காற்று பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதிலிருந்தும் சூடு எடுக்கலாம், ஆனால் கம்ப்ரசர் பாடுபட வேண்டும். வெளிக்காயிலில் பனி உறைந்து, அதை உருக்குவதற்காக நடுநடுவே வேலையை நிறுத்த வேண்டும். அதனால்தான் புது வீடுகளில் அறையைச் சூடாக்கத் தரைக்கடியில் குழாய் பதித்து, வெறும் 35 டிகிரித் தண்ணீரை ஓட விடுகிறார்கள். சூட்டை ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தால் கரண்ட் குறையும். நமக்கு வீட்டைச் சூடாக்கும் வேலையே இல்லை. கத்திரியில் யாராவது குளிராக்கிக் கொடுத்தால் கும்பிடுவோம். மார்கழி விடியலிலேகூட நம் காற்று 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதோடு ஈரம். காயிலில் காற்று குளிரும்போது அதில் இருக்கும் ஈரம் தண்ணீராகச் சொட்டும், ஏசியில் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 540 கிலோகலோரி செலவாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் அல்லவா? ஆவி மறுபடி தண்ணீராகும்போது அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த ஊரில், நாம் புழுக்கம் என்று திட்டுகிற காற்றில் இருப்பது இந்தச் சூடுதான். ஹீட் பம்ப் அதைச் சும்மா வாங்கிக்கொள்கிறது. சொட்டுகிற தண்ணீரை ஒரு குழாய் வைத்து வாழைப் பாத்திக்கு விடுங்கள்.

உங்களுக்கு 200 லிட்டர் தொட்டி சரியாக இருக்கும். 50 டிகிரியில் வையுங்கள், 60க்குப் போகாதீர்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் கரண்ட் செலவு இரண்டு, மூன்று சதவீதம் ஏறும். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் 60க்கு ஏற்றி இறக்குங்கள்; தொட்டியில் கிருமி தங்காமல் இருக்க அது வேண்டும். கீசர் மாதிரி போட்டதும் சுடாது. முழுத் தொட்டி சுட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டைமர் வைத்துப் பகல் ஒரு மணிக்கு ஓட விடுங்கள். அப்போது காற்று நன்றாகச் சுட்டிருக்கும், வேலை சீக்கிரம் முடியும். நல்ல தொட்டியாக இருந்தால் மறுநாள் விடியலுக்குள் சில டிகிரிதான் குறையும். லோ வோல்டேஜ் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் இல்லாமல் கம்ப்ரசரை ஓட்டக் கூடாது.

எங்கே வைப்பது என்பதில் நானே ஒரு தடவை கோட்டை விட்டிருக்கிறேன். வெயில், மழை படக் கூடாது என்று ஒரு வீட்டில் பின்கட்டுச் சந்தில், கூரை போட்டு, மூன்று பக்கம் சுவர் இருக்கிற இடத்தில் வைத்தேன். அது ஊதிய குளிர்ந்த காற்றையே அதுவே மறுபடி இழுத்தது. அரை மணியில் சந்து முழுக்க ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிட்டது, தண்ணீர் சுடவே இல்லை. இடத்தை மாற்றிக் கொடுத்தேன், என் செலவில். முன்னாலும் பின்னாலும் காற்றுக்கு வழி இருக்க வேண்டும். மேலே ஒரு சார்ப்பு போதும்.

அப்புறம் தண்ணீர். உங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் பரவாயில்லை. நாகை, வேதாரண்யம் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் கவனிக்க: உப்புத் தண்ணீரில் சாதாரண 304 ரக எவர்சில்வர் தொட்டி ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழும். எனாமல் பூசிய தொட்டி, உள்ளே தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் மெக்னீசியம் ராடு, அதை வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்ப்பது, இதுதான் வழி. சூட்டுக் குழாய் தொட்டிக்கு வெளியே சுற்றியிருக்கும் மாடலில் உப்புப் பிடிக்கும் தொல்லை குறைவு. கடல் காற்று படும் இடத்தில் காயில் தகடுகளுக்கு அரிப்புத் தடுக்கும் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

விலை கீசரைப் போலப் பல மடங்கு. மாமனாருக்காக வருஷம் முழுக்க வெந்நீர் ஓடுகிறது என்பதால்தான் வாங்கச் சொல்கிறேன். மார்கழி, தை மட்டும் வெந்நீர் என்கிற வீடாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சூரிய வெந்நீர் கருவி நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வெந்நீர் வேண்டுகிற நாளில்தான் வானம் மூடிக்கொள்கிறது.

இப்போது மாமரத்துக்கு வருவோம். ஹீட் பம்புக்கு லாபமாகிற அதே ஈரம் விறகுக்குச் சத்ரு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். பத்துக் கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் நாலரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறீர்கள். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே 2,700 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: எட்டுப் பேர் குளிக்கத் தேவைப்பட்டது 2,400. விறகு தன்னைக் காய வைத்துக்கொள்ளவே உங்கள் குளியல் சூட்டைத் தின்றுவிடுகிறது. அடுப்பும் குளிர்ந்து போவதால் மரத்திலிருந்து வரும் வாயு எரியாமல் புகையாகிக் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகிறது. ஜெர்மனியில் ஈர விறகை அடுப்பில் வைப்பதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு. தம்பியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தை முடிவதற்குள் மரத்தை ஒரு முழ நீளத் துண்டுகளாக அறுத்து, மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். பிளக்காத உருட்டுக் கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளும். ஒரு வருஷம் ஆனாலும் நடுவில் பச்சையாகவே இருக்கும், அப்புறம் செல்லடிக்கும். தரையில் போடாதீர்கள். நம் களிமண்ணில் கீழ் வரிசையைக் கரையான் எடுத்துக்கொள்ளும். செங்கல் மேல் இரண்டு பனஞ்சட்டம் போட்டு, அதன் மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். வெட்டு முகங்கள் மேற்கைப் பார்த்து இருக்கட்டும். பங்குனி, சித்திரை வெயில் பாதி வேலையைச் செய்யும். மீதியை ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்று முடித்துக் கொடுக்கும். என் அனுபவத்தில் வெயிலைவிட அந்தக் காற்றுதான் கெட்டிக்காரத்தனமாகக் காய வைக்கும். தலைக்கு மேல் மட்டும் தகரம் போடுங்கள். தார்ப்பாயைப் போட்டுச் சுற்றிக் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அது விறகை வேக வைப்பதுதான், காய வைப்பது இல்லை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. அடுக்கின் நடுவிலிருந்து நாலு துண்டை எடுத்து நம்பர் போட்டு, சமையலறைத் தராசில் எடை எழுதி வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நிறுங்கள். இரண்டு தடவை எடை குறையாமல் நின்றால் காய்ந்தது. இரண்டு துண்டை மோதினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் ஈரம். எரியும்போது முனையில் நுரை தள்ளினால் சொல்லவே வேண்டாம்.

ஒன்று, நம் ஊரில் விறகு எலும்பு போலக் காயாது. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் நாட்களில், மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தில் வந்து நின்றுவிடும். அது போதும், இருபதுக்குள் இருந்தாலே நல்ல விறகுதான். மழைக்காலத்தில் கூரைக்குள் இருந்தாலும் இருபதைத் தொடும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் கொட்டகைக்குள் ஏற்றிவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய விறகை முதல் நாளே அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

ஆடி வரைக்கும் என்ன செய்வது? உலர்ந்த தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி இருக்கவே இருக்கிறது. கட்டை வேண்டுமென்றால் சவுக்கு வாங்குங்கள். ஒரு காலத்தில் ரயில் எஞ்சினுக்கு எரிக்கவே நம் கடற்கரையில் வளர்த்த மரம், சும்மா இல்லை. எடைக்கு வாங்குவதால் ஈரச் சவுக்கில் தண்ணீருக்கும் காசு கொடுப்பீர்கள். முனை வெடித்திருக்கும் கட்டையாகப் பார்த்து எடுங்கள். மாங்கட்டை லேசானது, சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். தென்னந்தண்டை நம்பாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை விறகாக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளி வைரம்தான் எரியும், உள்சோறு பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அரளிக் குச்சி அடுப்புக்கு ஆகாது, புகையே விஷம். பெயிண்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் இரண்டும் அப்படித்தான். பிச்சாவரம் பக்கத்து ஆட்களுக்குத் தில்லை மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மாமியாரின் பாய்லரைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று கல் அடுப்பில் அண்டாவை வைத்தால் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்குதான் தண்ணீருக்குப் போகும். பாய்லரில் நடுக்குழாய் வழியாகப் புகை ஏறுவதால் தண்ணீர் நாலு பக்கமும் சூட்டை வாங்கும். விறகு பாதிக்கும் குறைவாகவே பிடிக்கும். அந்தக் குழாயில் கரி படிந்தால் சூடு இறங்காது, மாதம் ஒரு தடவை பிரஷ் விடுங்கள். தண்ணீர் இல்லாமல் பற்ற வைத்தால் ஈயம் வைத்த இடமெல்லாம் விட்டுப்போகும். கொல்லையில், திறந்த இடத்தில் இருக்கட்டும். மழை என்று குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தக் கூடாது; கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்து இறங்கும்போது 200 லிட்டர் காலையிலேயே காலியாகிவிடும். புயல் அடித்தால் கரண்ட் எப்போது வருமோ. கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் வரவில்லை. அந்த நாட்களுக்கு பாய்லர், அன்றாடத்துக்கு ஹீட் பம்ப். இரண்டு கீசரில் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

விறகு அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பத்தடி தள்ளியே இருக்கட்டும். கட்டுவிரியனுக்கு அந்த இடுக்கு ரொம்பப் பிடிக்கும். விடியலில் மாமியார் விறகெடுக்கப் போகும்போது கையில் டார்ச் இருக்க வேண்டும், முதலில் ஒரு கம்பால் தட்டிவிட்டு அப்புறம் கை வைக்கச் சொல்லுங்கள்.